வயதுக்கு ஒரு தேங்காய்

என் மகள் நாள் கணக்குக்கு இரண்டு மாதம் முந்திக்கொண்டு பிறந்தாள். எடை ஒரு சீனிப் பொட்டலத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். முப்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பெட்டியின் பக்கவாட்டில் கை நுழைக்க இரண்டு வட்டத் துவாரங்கள் இருந்தன. முதல் பத்து நாள் அதற்குள்ளும் கை விடக் கூடாது என்றார்கள். தாதி ஒரு மலாய்ப் பெண், நல்ல மாதிரி. "தெங்கோக் சஜா, காக்" என்பார். பார்த்தால் போதும், தொடாதீர்கள் அக்கா என்று அர்த்தம். நானும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த நாட்களில் ஒருநாள், வார்டுக்கு வெளியே காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடி முருகனிடம் ஒரு நேர்த்தி வைத்தேன். பொதுவாக நூற்றெட்டுத் தேங்காய் என்று ஒரேயடியாக வேண்டிக்கொள்வார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் இவளுக்கு என்ன வயதோ அத்தனை தேங்காய் உடைக்கிறேன் என்றேன். உனக்குத் தேங்காய் வேண்டுமென்றால் இவளை வளர்த்துத்தான் ஆக வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. கடவுளிடமே தவணை பேசிய ஆள் நான். அன்று அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது.

பினாங்கில் தேங்காய் உடைப்பது என்றால் கோயில் வாசலில் ஒன்றை எடுத்துப் பதமாகக் கல்லில் தட்டுவது இல்லை. தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் வரும் சாலைகளில் தேங்காய் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். ரதம் நெருங்கும்போது ஆளாளுக்கு எடுத்துத் தாரில் அறைவார்கள். சீனர்கள் நமக்குக் கொஞ்சமும் சளைத்தவர்கள் இல்லை. வியாபாரம் நன்றாக நடந்தது, பிள்ளை பிறந்தது, நோய் குணமானது என்று லாரியில் கொண்டுவந்து இறக்குகிற சீனக் குடும்பங்கள் உண்டு. தெரு முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் ஓடும், ஓடு பறக்கும். கடைசியில் ஒரு மண்வாரி இயந்திரம் வந்து சில்லுகளை எல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போகும். அதற்குப் பிறகுதான் ரதம் நகரும்.

அவளுக்கு ஒரு வயதானபோது ஒரே ஒரு தேங்காயோடு டத்தோ கிராமாட் சாலையில் போய் நின்றோம். என் கணவரின் அண்ணன் அங்கே ஒரு தண்ணீர்ப் பந்தல் நடத்துகிறார். வருகிறவர்களுக்கு மோரும் சிரப் தண்ணீரும் கொடுக்கிற பந்தல். நான் தேங்காயைக் கையில் எடுத்ததும் அவர் குறுக்கே வந்தார்.

"பொம்பளைங்க தேங்காய் உடைக்கிற பழக்கம் நம்ம குடும்பத்துல இல்லம்மா. தம்பிகிட்ட குடு."

"நேர்த்தி வச்சது நானு அண்ணே. பிள்ளையப் பெத்ததும் நானு. நான்தான் போடுவேன்."

"அதுக்கில்லம்மா, பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

"சீனப் பொம்பளைங்க எத்தனை பேரு போடுறாங்க பாருங்க. நான் போட்டா மட்டும் ரதம் நின்னுடுமா?"

அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டு மோர்ப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போட்டேன். முதல் போடிலேயே சிதறியது. நாட்டையே பிடித்துவிட்ட மாதிரி நிமிர்ந்து நின்றேன். பிறகு பல வருடம் தொழிற்சாலையில் சாப்பாட்டு வேளையில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். என் உரிமையை எவனும் தட்டிப் பறிக்க முடியாது என்று முடிப்பேன். கேட்கிற பெண்கள் தலையாட்டுவார்கள்.

தேங்காய் போடுவதற்கும் ஒரு கைப்பழக்கம் வேண்டும். கண் இருக்கிற பக்கம் உள்ளங்கையில் பதிய வேண்டும். தலைக்கு மேலே தூக்கி, இடுப்பை வளைத்து, மணிக்கட்டைச் சுண்டி விட வேண்டும். காலுக்கு நேரே போட்டால் எகிறி முட்டியில் அடிக்கும். ஏற்கெனவே சில்லும் தண்ணீருமாகக் கிடக்கிற இடத்தில் போட்டால் வழுக்கி ஓடிவிடும். காய்ந்த தார் பார்த்துப் போட வேண்டும். இரண்டு தேங்காய், மூன்று தேங்காய் என்று வருடத்துக்கு ஒன்று கூடக் கூட எனக்குக் கை நன்றாகப் படிந்துவிட்டது.

நான் வேலை செய்வது பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவு. தலை முதல் கால் வரை மூடிய உடுப்பு, கையுறை. பூதக்கண்ணாடிக்கு அடியில் சின்னச் சின்ன பாகங்களை வைத்துக் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறுங்கை பட்டால் பொருள் கெட்டது என்பது அங்கே பாலபாடம். பன்னிரண்டு வருடமாக அதையே செய்கிறேன். அந்தப் புத்தியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

என் சொந்தப் பிள்ளைப்பருவம் வேறு மாதிரி. என் அம்மா இரண்டு இடத்தில் துப்புரவு வேலை செய்தார். ஏழு வயதில் நானே அடுப்பு மூட்டி முட்டை பொரித்துச் சாப்பிட்டேன். எண்ணெய் தெறித்த தழும்பு இன்னும் இடது மணிக்கட்டில் இருக்கிறது. சாக்கடையில் மீன் பிடித்தேன், மதில் ஏறினேன், விழுந்தேன், நானே மருந்து போட்டுக்கொண்டேன். இப்போது சில பேர் இதையெல்லாம் பெரிய பாக்கியம் மாதிரிப் பேசுகிறார்கள். எனக்கு அப்படி இனிப்பாக நினைக்க வரவில்லை. கவனிக்க ஆள் இல்லாததால் எனக்குக் கிடைத்தது அது. என் பிள்ளைக்கு அந்த நிலை வரக் கூடாது என்று சத்தியமே செய்துகொண்டேன். ஆனால் எவ்வளவு சூடு கையைச் சுடும், எவ்வளவு உயரத்தில் இருந்து குதித்தால் கால் தாங்கும் என்பதெல்லாம் என் உடம்புக்குத் தெரிந்தது அந்த நாட்களில்தான். கெட்டதைத் தூக்கி எறிகிறேன் பேர்வழி என்று அதையும் சேர்த்துத்தான் எறிந்தேன்.

எங்கள் வீட்டில் கத்தி மேல் அலமாரியில் இருக்கும். அடுப்புப் பக்கம் தரையில் ஒரு சிவப்பு நாடா ஒட்டியிருந்தேன், அதைத் தாண்டி அவள் வரக் கூடாது. மழையில் நனையக் கூடாது. சைக்கிள் வாங்கிக் கொடுத்தோம், அது இன்றுவரை பால்கனியில் பிளாஸ்டிக் உறையோடு நிற்கிறது. அடுக்குமாடிக்குக் கீழே ஒரு புல்தரை உண்டு. அங்கே பிள்ளைகள் பந்து விளையாடக் கூடாது என்று நிர்வாகக் குழு அறிவிப்புப் பலகை வைத்தபோது சம்மதக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. சத்தம் தாங்கவில்லை என்று காரணம் எழுதினேன்.

இவ்வளவும் செய்துவிட்டு, சனிக்கிழமைகளில் அவளை ஒரு பேரங்காடியின் நான்காவது மாடியில் நடக்கும் வகுப்புக்குக் கூட்டிப்போனேன். குளிர்சாதன அறை. தட்டுத் தட்டாக வண்ண அரிசி, மணல், கூழாங்கல். பிள்ளைகள் மேலங்கி மாட்டிக்கொண்டு அவற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஐம்புலனும் வளருமாம். வீட்டில் அரிசி டின்னுக்குள் கை விட்டால் "கைய எடு" என்று கத்துகிறவள், கட்டணம் கட்டி அங்கே அரிசியைத் தொட வைத்தேன். கைப்பேசியில் படம் வேறு எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பாகக்கூட வரவில்லை.

தேங்காயை மட்டும் அவள் விடவில்லை. அவை தன்னுடையவை என்பது அவளுக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன்: "இதெல்லாம் உன் வயசு." ஐந்து வயதில் முதல் முதலாகக் கேட்டாள், "ஒண்ணு நான் போடறேம்மா." கை சின்னது என்றேன். ஆறு வயதில் கேட்டபோது புதுப் பாவாடையில் கறை படும் என்றேன். ஏழு வயதில் ஓடு கண்ணில் தெறிக்கும் என்றேன். ஒவ்வொரு முறையும் "அடுத்த வருஷம்" என்று சேர்த்துக்கொண்டேன். அவள் அதை அப்படியே நம்பினாள். பிள்ளைகள் நம்புவார்கள், அதுதான் நமக்கு வசதி.

எட்டு வயதுத் தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீ விபத்துக் காலத்தில் இறங்குகிற படிக்கட்டுப் பக்கமிருந்து 'டொம்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. போய்க் கதவை லேசாகத் திறந்து பார்த்தேன். என் மகள் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தாள். சட்னிக்கென்று பசாரில் வாங்கி வைத்திருந்த தேங்காய் அவள் கையில். கண் உள்ளங்கையில் பதிந்திருந்தது. கால்களை அகட்டி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, இடுப்பை வளைத்துப் போட்டாள். அச்சு அசல் நான். தேங்காய் உடையவில்லை. எகிறிப் படிகளில் உருண்டு கீழே ஓடியது. அவள் அதன் பின்னாலேயே சிரித்துக்கொண்டு ஓடினாள். என் வீட்டுக்குள் அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

கேட்டுக்கொண்டாவது நின்றிருக்கலாம். கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் கத்தினேன்.

"கால்ல விழுந்தா என்ன ஆகும்?"

"விழலையேம்மா."

"விழுந்தா?"

"தள்ளி நின்னுதாம்மா போடறேன். உங்கள மாதிரியே."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நாலு நாளா. இன்னும் உடையல. ஆனா இன்னிக்குக் கீறல் விழுந்துடுச்சு. இங்க பாருங்க."

தேங்காயைத் திருப்பி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். முடி அளவுக்கு ஒரு கோடு. அவள் முகம் வியர்த்து, கண்கள் அப்படி மின்னின. கீறல் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிற நான் அதைப் பார்த்தேன். "போய்க் கையக் கழுவு" என்றேன்.

அன்று மாலை அவள் அப்பா வேலை முடிந்து வந்ததும் அவரிடம் முறையிட்டேன். அவருக்கு ஜுருவில் கார்ப் பட்டறையில் வேலை. தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறவர். நகக்கண்ணில் எப்போதும் மசகு இருக்கும். அவர் சட்டையைக் கழற்றியபடி சிரித்தார்.

"ஒண்ணு குடு லா. எட்டுல ஒண்ணுதானே. அவ என்ன காசா கேக்கிறா?"

அவள் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சரி என்றேன். கடைசித் தேங்காய், எட்டாவது, உனக்கு என்றேன். அந்த மூன்று வாரமும் அவள் சொன்ன பேச்சை எல்லாம் கேட்டாள். பாலை மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

ரதத்தன்று காலை எட்டு மணிக்கெல்லாம் பந்தலுக்குப் போய்விட்டோம். அவள் தலைமுடியைத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அப்பாவின் வேலைக் கண்ணாடியை, கண்ணில் எதுவும் தெறிக்காமல் இருக்கப் போடுகிற அந்தப் பெரிய கண்ணாடியை, கேட்டு வாங்கி மாட்டியிருந்தாள். பாவாடை வேண்டாம் என்று பழைய சட்டையும் கால்சட்டையும் போட்டிருந்தாள். நான் மூன்று வருடமாகச் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக யோசித்துத் தயாராகி வந்திருந்தாள். எனக்கு அன்று அது உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையைத் துவைக்கப் போடும்போதுதான் உறைத்தது.

ரதத்தின் உறுமி மேளம் தூரத்தில் கேட்கத் தொடங்கியது. நான் ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஏழும் உடைந்தன. எட்டாவதை அவள் கையில் கொடுத்தேன். அவள் காய்ந்த தார் தேடி நாலடி தள்ளிப் போய் நின்றாள். அப்போது என் கணவரின் அண்ணன் மோர்க் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்தார்.

"சின்னப் பிள்ள கையில ஏன்மா குடுத்த? நேர்த்தித் தேங்காய் வேற. உடையாம உருண்டு போச்சுன்னா அப்புறம் வருஷம் பூராவும் மனசு கெடந்து அடிச்சுக்கும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு யாருக்கோ மோர் கொடுக்கப் போய்விட்டார். ஏழு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் இதே மனிதரிடம் பழக்கமாவது ஒன்றாவது என்று சண்டை போட்டவள் நான். அந்த வாய் எங்கே போனதென்று தெரியவில்லை. படிக்கட்டில் உருண்டு ஓடிய தேங்காய்தான் கண் முன்னால் வந்தது. உடையாவிட்டால் நேர்த்தியை முருகன் ஏற்கவில்லை என்றாகிவிடும். ஏற்கவில்லை என்றால் இவளுக்கு ஏதாவது ஆகிவிடும். முப்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்ற புத்தி வேறு எப்படி ஓடும்? அவள் கையைத் தூக்கிவிட்டாள். நான் பின்னாலிருந்து தேங்காயைப் பிடுங்கினேன்.

"அம்மா போடறேன் சாயாங். அடுத்த வருஷம் நீ." சாயாங் என்றால் மலாயில் கண்ணே என்று அர்த்தம், கொஞ்சும்போது வருகிற சொல்.

போட்டேன். உடைந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் கைகள் இன்னும் தலைக்கு மேலேயே இருந்தன. மெதுவாக இறக்கினாள்.

இதோடு நின்றிருந்தால் பயந்து செய்துவிட்டேன் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருக்கலாம். எங்களுக்கு அடுத்தாற்போல ஒரு சீனக் குடும்பம், இடுப்பு உயரத்துக்குத் தேங்காய்க் குவியல். அவர்களில் ஒரு பையன், இவள் வயதுதான் இருக்கும், ஒன்றை எடுத்துப் போட்டான். உடையாமல் கால்வாய் ஓரம் வரை உருண்டது. குடும்பமே கைகொட்டிச் சிரித்தது. அவன் ஓடிப் போய் எடுத்து வந்து மறுபடி போட்டான், மறுபடி உருண்டது. மூன்றாவது தடவை உடைந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. முழங்கால் வரை கால்சட்டை போட்ட ஓர் ஆன்ட்டி, என் மகள் அவனையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தார். குவியலில் இருந்து ஒன்றை எடுத்து இவளிடம் நீட்டினார்.

"அடிக், மாவ்?"

தங்கச்சி, வேண்டுமா என்று கேட்டார், அவ்வளவுதான். அது எங்கள் நேர்த்தித் தேங்காய் இல்லை. உடையாவிட்டாலும் எங்களுக்குச் சகுனம் இல்லை. என் மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

"தாக் அபா, ஆன்ட்டி. டியா தாகுட்."

பரவாயில்லை, இவளுக்குப் பயம் என்றேன். பள்ளியில் மலாய் படிக்கிற பிள்ளை அவள், ஒரு சொல் விடாமல் புரிந்திருக்கும்.

"நான் பயப்படலம்மா," என்றாள் தணிந்த குரலில்.

ஆன்ட்டி சிரித்துக்கொண்டே அவள் தலையைத் தட்டிவிட்டு அந்தத் தேங்காயைத் தானே போட்டார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ தடவை என்னை நானே கேட்டுவிட்டேன். அங்கே அவள் போட்டு உடைந்திருந்தால், நான் அதுவரை சொன்னது அத்தனையும் வெறும் சாக்கு என்று எல்லார் முன்னாலும் ஆகியிருக்கும். எனக்கு அது பொறுக்கவில்லை. உண்மை அதுதான். பாதுகாப்பும் இல்லை, பக்தியும் இல்லை. என் சொல் நிற்க வேண்டும் என்ற வீம்பு.

அவள் அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. காரில் பின்சீட்டில் கண்ணாடியைக் கழற்றி மடித்து அப்பாவிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை. சப்பாத்தி தேய்க்கட்டுமா, செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டுமா, மீனைக் கழுவட்டுமா என்று சமையலறை வாசலில் வந்து நிற்பாளே, அதெல்லாம் நின்றுபோனது. எனக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளை இப்போது நன்றாக அடங்கிவிட்டாள், சொன்ன இடத்தில் உட்காருகிறாள் என்று தொழிற்சாலையில் பெருமையாகச் சொன்னேன். சொன்னது நான்தான், மறுக்க முடியாது.

ஆண்டு நடுவில் பள்ளியில் நன்னெறிக் கல்விப் பாடத்துக்கு ஒரு பணி கொடுத்தார்கள். 'குழந்தைகளின் உரிமைகள்' என்று ஒரு சுவரொட்டி வரைய வேண்டும். அவள் பெரிய தாளில் பென்சிலால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். கோடெல்லாம் கோணல். "இங்க குடு" என்று வாங்கிக்கொண்டேன். மழையில் குதிக்கிற பிள்ளை, மரம் ஏறுகிற பிள்ளை, களிமண்ணில் பானை செய்கிற பிள்ளை என்று அழகாக வரைந்து, 'விளையாடுவது எங்கள் பிறப்புரிமை' என்று பட்டை எழுத்தில் எழுதி, கோடு தாண்டாமல் வண்ணமும் தீட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்ட வண்ணப் பென்சிலை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். வகுப்பிலேயே சிறந்தது என்று ஆசிரியர் அதைச் சுவரில் மாட்டினார்.

பெற்றோர் சந்திப்பு நாளில் அதன் கீழே என் மகளின் பெயர் ஒட்டியிருந்ததை நானும் அவள் அப்பாவும் நின்று பார்த்தோம். காரில் ஏறிய பிறகு அவர் கேட்டார்.

"பிறப்புரிமைன்னு எழுதியிருக்கியே, நீ எழுதினத நீயே ஒருவாட்டி படிச்சியா?"

"ஸ்கூல் வேலைதானே. நல்லா இருக்கணும்ல."

"அவ இப்ப எதையுமே கேக்கிறதில்ல. கவனிச்சியா?"

"கேக்காம இருந்தா நல்லதுதானே."

"நல்லதா?" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குப் பத்து வார்த்தை பேசியிருப்பேன். திட்டவில்லை என்பதால் அன்று முழுவதும் அந்த ஒரு சொல்லோடு கிடந்தேன். மழையும் மரமும் களிமண்ணும் நான் மனம் வைத்து அவளுக்குக் கொடுக்கிற பரிசு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவை பிறக்கும்போதே அவளுடையவை. பத்திரம் பத்திரம் என்று சொல்லிச் சொல்லி நான்தான் பூட்டி வைத்திருக்கிறேன். சண்டை போட்டு என் உரிமையை வாங்கிய கதையை ஊருக்கெல்லாம் சொன்னவளுக்கு, தன் வீட்டில் தானே ஒருத்தியின் உரிமையைப் பறித்து வைத்திருந்தது தெரியவில்லை.

மறுநாளே கத்தியை மேல் அலமாரியில் இருந்து இறக்கினேன். தரையில் ஒட்டிய நாடாவை உரித்தேன். ஒரு கேரட்டைக் கொடுத்து, வெட்டச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு துண்டு வெட்டினாள், "சரியாம்மா?" என்றாள். இன்னொரு துண்டு, மறுபடி "சரியாம்மா?" ஒவ்வொரு துண்டுக்கும் கேட்டாள். நான் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆறேழு துண்டுக்குப் பிறகு கத்தியை மெல்ல வைத்துவிட்டு, "நீங்க வெட்டினா ஒரே அளவா வரும்மா," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மழை வந்த ஒரு மாலை, "கீழ போய் நனையலாமா?" என்று கேட்டேன். "சளி பிடிக்கும்மா" என்றாள். என் சொல்தான், என் குரல்தான், எனக்கே திரும்பி வந்தது.

ஒன்பதாவது தைப்பூசத்துக்கு ஒன்பது தேங்காய். முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். ஒன்றல்ல, ஒன்பதும் அவளே போடட்டும். உருளட்டும், ஓடட்டும், முருகன் ஏற்கட்டும் அல்லது போகட்டும். முதல் நாள் சொன்னபோது "சரிம்மா" என்றாள். அவள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், அதனால் அதிலிருந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழைய சட்டையை எடுத்து வைத்தேன். அவள் பாவாடை சட்டையில் வந்தாள்.

ரதம் நெருங்கியது. என் கணவரின் அண்ணன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "இன்னிக்கு இவதான் அண்ணே போடுவா," என்று உரக்கச் சொல்லிவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதல் தேங்காயை அவள் கையில் வைத்தேன். அவள் அதை உருட்டிப் பார்த்தாள். கண் எந்தப் பக்கம் என்று தேடவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் ஆட்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள், சில்லு பறந்தது, ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தோள் சுருங்கியது.

"போடு சாயாங். உடையலன்னா பரவால்ல. எப்படி வேணும்னாலும் போடு."

அவள் தேங்காயை என்னிடம் நீட்டினாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். கோபம் இல்லை. பெரியவர்களுக்கு இடம் விட்டுக் கொடுக்கிற பிள்ளையின் மரியாதை இருந்தது.

"நீங்களே போடுங்கம்மா. நீங்க போட்டாத்தான் ஒழுங்கா உடையும்."

"உன் தேங்காய்மா இது. நீதான் போடணும்."

"எனக்கு வேணாம்மா."

கெஞ்சினேன். அவள் அப்பாவும் சொல்லிப் பார்த்தார். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள். பின்னால் இருந்த ஆட்கள் நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள். நான் வாங்கிக்கொண்டேன். கண்ணீர் மறைத்ததில் தார் சரியாகத் தெரியவில்லை. அப்படியும் ஒன்பதும் ஒரே போடில் உடைந்தன. "நல்ல சகுனம்மா, ஒண்ணுகூட தப்பல," என்றார் என் கணவரின் அண்ணன், கையில் மோர்க் கிண்ணத்தோடு. என் மகள் கை தட்டினாள்.